சிமுலேட்டரில் ஓடிய கார் ரோட்டிலும் ஓடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோபோக்களையும் ஓட்டுநர் இல்லாத கார்களையும் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்பது எனக்கு மனப்பாடம். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள், நிதி ஒதுக்கும் மேலாளர்கள், உறவினர்கள் என்று பலரும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சிமுலேஷனுக்குப் ‘பாவனை’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் வேலை நடக்கும் இடத்தில் எல்லோர் வாயிலும் வருவது சிமுலேஷன்தான் என்பதால் அதையே வைத்துக்கொண்டேன்.

இது வீடியோ கேம் மாதிரிதானே?

பாதி சரி. ஓட்டுநர் இல்லாத கார் ஆராய்ச்சியில் பலரும் பயன்படுத்தும் கார்லா என்ற சிமுலேட்டர், விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் அன்ரியல் எஞ்சின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. தெரு, மரம், வெயில், நிழல் எல்லாம் அதே தொழில்நுட்பம்.

வேறுபாடு, யாரை நம்பவைக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. விளையாட்டு மனிதக் கண்ணை நம்பவைத்தால் போதும். சிமுலேட்டரோ ரோபோவின் மென்பொருளை நம்பவைக்க வேண்டும். நிஜ காரில் ஓடும் அதே நிரலை இங்கே இணைப்போம். அதற்குக் கேமராவிலிருந்து வருவது போலவே படம் வரும், சக்கரத்திலிருந்து வருவது போலவே அளவீடு வரும். பிரேக் போடு என்று அது கட்டளையிட்டால், எடை, வேகம், டயரின் பிடிப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு அடுத்த கணத்தில் கார் எங்கே இருக்கும் என்று சிமுலேட்டர் சொல்லும். தான் இருப்பது கணினிக்குள் என்று அந்த நிரலுக்குத் தெரியவே கூடாது.

இது இப்போது வந்த மோகமா?

இல்லை. 1989-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்வின் என்ற நரம்பியல் வலைப்பின்னலை, அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்கும் நிரலைக் கொண்டு ஒரு வேனை ஓட்டினார்கள். அதற்குக் காட்டப்பட்ட படத்தின் அளவு 30-க்கு 32 புள்ளிகள்தான். அந்த வலைப்பின்னல் முதலில் சாலையைக் கற்றது கணினி வரைந்த செயற்கைப் படங்களிலிருந்து. வெவ்வேறு வெளிச்சத்திலும் வளைவிலும் போதுமான நிஜப் படங்களைச் சேகரிப்பது பெரும்பாடு என்பதே காரணம். வேன் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. இன்று நாங்கள் செய்வதன் விதை அதிலேயே இருக்கிறது.

நிஜ ரோபோ கையில் இருக்கும்போது இந்தப் பொம்மை உலகம் எதற்கு?

நிஜ ரோபோ விழுந்தால் உடையும். அதைத் தூக்கி நிறுத்த ஓர் ஆள் வேண்டும். பேட்டரி தீரும். ஒரு மணி நேர அனுபவம் பெற அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். சிமுலேட்டரில் இந்த நான்கு கவலையும் இல்லை.

2021-இல் ஈ.டி.எச். சூரிக் பல்கலைக்கழகமும் என்விடியாவும் சேர்ந்து செய்த ஆய்வை உதாரணமாகச் சொல்வேன். அனிமல் என்ற நாலுகால் ரோபோவின் ஆயிரக்கணக்கான நகல்களை ஒரே கிராஃபிக்ஸ் அட்டைக்குள் ஒரே நேரத்தில் நடக்கவிட்டார்கள். எல்லாம் விழுந்து, எழுந்து, ஒன்றின் அனுபவத்தை மற்றொன்று பகிர்ந்துகொண்டன. சமதளத்தில் நடக்க நான்கு நிமிடத்துக்கும் குறைவான பயிற்சி போதுமானதாக இருந்தது. மேடு பள்ளத்துக்கு இருபது நிமிடம். ஒரே ஒரு நிஜ ரோபோவை வைத்துக்கொண்டு இதைச் செய்திருந்தால், நடை பழகுவதற்கு முன்பே அதன் மூட்டுகள் தேய்ந்திருக்கும்.

காரை நிஜ ரோட்டிலேயே நிறைய ஓட்டிப் பார்த்துவிட்டால் போதாதா?

எவ்வளவு ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கணக்கு இது. அங்கே மனித ஓட்டுநர்களால் பத்துக் கோடி மைலுக்கு ஏறத்தாழ 1.09 உயிரிழப்பு நேர்கிறது. தானியங்கிக் கார் இதைவிட மோசமில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, ஓர் உயிர்கூடப் போகாமல் 27.5 கோடி மைல், அதாவது சுமார் 44 கோடி கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். நூறு கார்களை இரவும் பகலும் நிறுத்தாமல் மணிக்கு 25 மைல் சராசரி வேகத்தில் ஓட்டினாலும் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவில் மென்பொருளை மாற்றினால், அது வேறு ஓட்டுநர். பழைய ஓட்டுநரின் நற்சான்றிதழைப் புதியவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது. வாரத்துக்கு ஒரு முறை மென்பொருள் மாறும் துறையில் இது நடக்கிற காரியமில்லை.

அப்படியானால் 1,500 கோடி மைல் சிமுலேட்டரில் ஓட்டியாகிவிட்டது என்கிறார்களே, அது போதும்தானே?

வேமோ நிறுவனம் 2020-இல் சொன்ன எண் அது. அப்போது அவர்களின் கார்கள் நிஜச் சாலையில் ஓடியிருந்தது சுமார் 2 கோடி மைல். எண் பெரியதுதான், ஆனால் மைல் என்பது இங்கே தவறான அளவுகோல் என்பது என் கருத்து. காலியான நெடுஞ்சாலையில் நேராகப் போகும் நூறு கோடி மைலைவிட, நிறுத்தியிருக்கும் லாரிக்குப் பின்னாலிருந்து குழந்தை ஓடிவரும் ஐம்பது மீட்டர் அதிகம் கற்றுத்தரும். அந்தக் குழந்தையின் வேகம், லாரியின் நீளம், சாலையின் ஈரம், மாலை வெயிலின் கோணம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பத்தாயிரம் முறை ஓட்டலாம். சிமுலேட்டரின் பலம் அதில் இருக்கிறது.

யாரும் கேட்காத கேள்விக்கு எத்தனை மைலும் பதில் சொல்லாது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரவில் சாலையைக் கடந்த ஒரு பெண் மீது மோதியது. அவர் இறந்தார். மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், சைக்கிள், வேறு ஏதோ என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே இருந்தது. கடக்கும் கோடு இல்லாத இடத்திலும் ஒருவர் சாலையைக் கடப்பார் என்பது அதன் வடிவமைப்பிலேயே இல்லை என்று விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. வடிவமைத்தவர்கள் மனத்தில் இல்லாத ஒன்று, அவர்களே எழுதும் சோதனைப் பட்டியலில் எங்கிருந்து வரும்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சிமுலேட்டரில் ஓடியது நிஜத்தில் ஓடும் என்று எப்படி நம்புவது?

அப்படியே நம்பக் கூடாது. இந்த இடைவெளிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே வைத்து 1990-களிலிருந்து விவாதித்து வருகிறார்கள். சிமுலேட்டர் என்பது உலகத்தைப் பற்றிய எங்கள் அனுமானங்களின் தொகுப்பு. தரையின் உராய்வு ஒரே சீராக இருக்கும், மோட்டார் கட்டளை கிடைத்ததும் உடனே சுழலும், கேமராப் படம் தாமதமின்றி வந்து சேரும் என்று நாமாக எழுதிவைத்தவை. நிஜ உலகம் இவற்றில் எதற்கும் கையெழுத்துப் போடவில்லை.

என் முதல் ரோபோவுக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் தாங்கலுக்கு ஒரு சிறு உருளைச் சக்கரம். சிமுலேட்டரில் தாழ்வாரத்தின் நடுவே நூல் பிடித்த மாதிரி போனது. நிஜத்தில் இடதுபக்கச் சுவரைத் தேடிப்போய் முட்டியது. இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை. இடது மோட்டார் வலதைவிடக் கொஞ்சம் சோம்பேறி. பின்சக்கரமோ தரை ஓடுகளின் இடுக்கில் மாட்டி மாட்டித் திரும்பியது. சிமுலேட்டரில் அந்தச் சக்கரத்தை உராய்வே இல்லாத ஒரு கோளமாக வைத்திருந்தேன், ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள்.

இந்த இடைவெளியைக் குறைக்க வழியே இல்லையா?

மூன்று வழிகள் உண்டு. பெரும்பாலும் மூன்றையும் கலந்தே செய்கிறோம். முதலாவது அளப்பது: ரோபோவின் ஒவ்வொரு பாகத்தையும் எடைபோட்டு, மோட்டாரின் தாமதத்தைப் பதிவுசெய்து, அந்த எண்களைச் சிமுலேட்டரில் இடுவது. அலுப்பான வேலை. அதனாலேயே பலரும் தவிர்க்கிறார்கள். நான் பார்த்தவரை அதிகப் பலன் தருவதும் இதுதான்.

இரண்டாவது, அளக்க முடியாததைக் கற்றுக்கொள்வது. 2019-இல் அனிமல் ரோபோவின் மூட்டுகளில் உள்ள மோட்டாரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து எப்படி நடந்துகொள்கின்றன என்பதைச் சமன்பாடாக எழுத மெனக்கெடாமல், நிஜ அளவீடுகளிலிருந்து ஒரு நரம்பியல் வலைப்பின்னலுக்குக் கற்பித்து, அதைச் சிமுலேட்டருக்குள் பொருத்தினார்கள். சூரிக் பல்கலைக்கழகத்தின் ஸ்விஃப்ட் என்ற பந்தய ட்ரோனும் இதே பாதையில்தான் போனது. பெரும்பாலும் சிமுலேட்டரில் பழகி, நிஜப் பறத்தலில் தெரிந்த வேறுபாட்டை மட்டும் தரவிலிருந்து சேர்த்துக்கொண்டு, மனிதச் சாம்பியன்கள் மூவருடன் நடந்த 25 பந்தயங்களில் 15-இல் வென்றது. அந்த ஆய்வு 2023-இல் வெளியானது.

மூன்றாவது வழிக்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் தாறுமாறாக மாற்றிப் பயிற்சி கொடுப்பார்களாமே? ரோபோ குழம்பிவிடாதா?

குழம்பத்தான் செய்யும். அந்தக் குழப்பத்திலிருந்து அது தேறிவருவதே பயிற்சி. தரையின் உராய்வு சரியாக எவ்வளவு என்று தெரியாதபோது, ஒவ்வொரு முயற்சியிலும் வெவ்வேறு உராய்வு, வெவ்வேறு எடை, வெவ்வேறு நிறம், வெவ்வேறு தாமதம் என்று குலுக்கிப்போட்டுவிடுகிறோம். அத்தனையிலும் சமாளிக்கப் பழகிய ரோபோவுக்கு நிஜ உலகமும் இன்னொரு குலுக்கலாகத் தெரியும் என்பது நம்பிக்கை.

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2019-இல் ஒரு ரோபோக் கையை ரூபிக் கனசதுரத்தைத் தீர்க்க வைத்தது இந்த முறையில்தான். சிமுலேட்டருக்குள் அந்தக் கை பெற்ற அனுபவம் மொத்தம் ஏறத்தாழ 13 ஆயிரம் ஆண்டுகள். காணொளியைப் பார்த்துப் பலர் வாய்பிளந்தார்கள். அவர்களே வெளியிட்ட வெற்றி விகிதத்தையும் சேர்த்துப் படியுங்கள்: 15 திருப்பல்களில் தீரும் கனசதுரத்தில் 60 சதவீதம், 26 திருப்பல் தேவைப்படும் மிகக் கடினமானதில் 20 சதவீதம். குலுக்கலுக்கு விலையும் உண்டு. அளவு மீறினால் ரோபோ எதற்கும் பயந்து, எப்போதும் கண்ணாடித் தரையில் நடப்பது போல நடக்கும்.

ரோபோ சிமுலேட்டரையே ஏமாற்றும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். 1994-இல் கார்ல் சிம்ஸ் கணினிக்குள் செயற்கை உயிரிகளைப் பரிணமிக்க வைத்தார். வேகமாக நகர்வதற்குப் பரிசு என்றதும், சில உயிரிகள் நடக்கக் கற்கவில்லை. உயரமாக வளர்ந்து, அப்படியே சாய்ந்து விழுந்தன. விழும்போது வேகம் வருகிறதல்லவா, பரிசு கிடைத்தது. நாம் கேட்டதை அப்படியே செய்துவிட்டு, நாம் நினைத்ததைச் செய்யாமல் விடுவதில் இவை கைதேர்ந்தவை.

நான் பார்த்ததில், இரண்டு பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று லேசாகப் புதைந்தால் சிமுலேட்டர் அவற்றை வேகமாக உதறித் தள்ளும் பழக்கத்தை ஒரு ரோபோ கண்டுபிடித்துவிட்டது. காலைத் தரைக்குள் வேண்டுமென்றே அழுத்தி, அந்த உதறலில் பறந்தது. ஓட்டப் போட்டியில் அதற்கு இணையே இல்லை. இப்போதெல்லாம் மதிப்பெண் திடீரென்று உயர்ந்தால், கொண்டாடுவதற்கு முன் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன்.

பறப்பது, ஓடுவது எல்லாம் வருகிறது. ஒரு பொருளைப் பிடிப்பது மட்டும் ஏன் இவ்வளவு கடினம்?

தொடுகைதான் காரணம். காற்றில் போகும் பொருளின் பாதை மென்மையாக மாறும். விரல் பொருளைத் தொடும் கணத்திலோ விசை பூஜ்யத்திலிருந்து சட்டென்று தாவுகிறது. வழுக்குகிறதா, ஒட்டி நிற்கிறதா என்பது மயிரிழையில் மாறும். கணினியோ நேரத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் கணக்கிடும். கஸேபோ என்ற சிமுலேட்டரில் இயல்பான துண்டு ஒரு மில்லிவிநாடி. துண்டை இருபது மில்லிவிநாடியாக்கினால், விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரே தாவலில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நடுவில் மெல்லிய சுவர் இருந்தால், சுவர் இருந்ததே பந்துக்குத் தெரியாது.

துணி, கயிறு, ஈரமண் என்று வளையும் பொருள்களுக்குப் போனால் சிக்கல் இன்னும் பெருகும். கிண்ணத்தைப் பிடிக்கும் ரோபோவைவிடச் சட்டையை மடிக்கும் ரோபோ அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படம் அசல் போலவே இருக்கிறதே, கேமராவுக்கு என்ன குறை?

நம் கண்ணுக்குத்தான் அசல். எல்இடி சிக்னல் விளக்கு உண்மையில் தொடர்ந்து எரிவதில்லை, வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. கேமராவின் திறப்பு நேரம் அணைந்த கணத்தில் விழுந்தால் படத்தில் விளக்கே எரியாது. பெரும்பாலான சிமுலேட்டர்களில் சிக்னல் எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். லென்சில் ஒட்டிய மழைத்துளி, சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வரும் நொடியில் கண் கூசுவது ஆகியவையும் அப்படித்தான், யாராவது நினைத்துச் சேர்த்தால் உண்டு.

லைடார் என்ற உணரி ஒளிக்கற்றையை அனுப்பித் திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தொலைவை அளக்கிறது. சிமுலேட்டரில் அது ஒரு நேர்க்கோடு, எதன் மீது பட்டாலும் ஒழுங்காகத் திரும்பும். நிஜத்தில் கறுப்புக் கார் ஒளியை விழுங்கும், கண்ணாடி வேறு திசைக்கு அனுப்பும், சாலைப் பலகையின் பிரதிபலிப்புப் பூச்சு அளவுக்கு மீறித் திருப்பியனுப்பும்.

நிஜத்தில் பதிவு செய்த பயணத்தையே திரும்ப ஓட்டிச் சோதிக்கலாமே?

செய்கிறோம். சுற்றி என்ன இருக்கிறது என்று கண்டறியும் மென்பொருள் பகுதியைச் சோதிக்க அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் புதிய மென்பொருள் அன்றைய பழைய மென்பொருளிலிருந்து விலகி, இரண்டு விநாடி முன்னதாகப் பிரேக் போடுகிறது என்று வையுங்கள். பின்னால் வரும் கார் பதிவில் உள்ளபடியே வரும், ஏனென்றால் அது வெறும் பதிவு. நேராக வந்து இடிக்கும். இது யாருடைய தவறு?

ஆகவே மற்ற வாகனங்களும் நம்மைப் பார்த்து எதிர்வினை செய்ய வேண்டும். மற்றவர்களை மனிதர்கள் போல ஓட்டவைப்பதுதான் இன்று ஆராய்ச்சியின் சூடான பகுதி. மிகவும் நல்லவர்களாக வைத்தால் எல்லோரும் வழிவிடுவார்கள், நம் கார் எதையும் கற்காது. மிகவும் முரடர்களாக வைத்தால் எந்தக் காராலும் தப்ப முடியாது.

எந்தச் சிமுலேட்டரைக் கற்றுக்கொள்வது? என் லேப்டாப் தாங்குமா?

சக்கர ரோபோ என்றால் கஸேபோ அல்லது வெபாட்ஸ். கால், கை, கற்றல் என்றால் முஜோகோ. ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அதை 2021-இல் டீப்மைண்ட் வாங்கி இலவசமாக்கி, 2022-இல் மூல நிரலையும் திறந்துவிட்டது. கார் என்றால் கார்லா. நகரம் முழுவதற்குமான போக்குவரத்து நெரிசல் என்றால் ஜெர்மன் விண்வெளி மையத்தின் சுமோ. முதல் மூன்றும் சுமோவும் சாதாரண லேப்டாப்பில் ஓடும். கார்லாவுக்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். எதை எடுத்தாலும் ஆறு மாதம் அதிலேயே இருங்கள். சிமுலேட்டர் மாற்றுவது வீடு மாற்றுவது மாதிரி.

நிரலைத் தொடவே இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு முடிவு வருகிறது. பைத்தியம் பிடிக்கிறது.

குலுக்கலுக்குக் கணினி எடுக்கும் தற்செயல் எண்களின் வரிசையை ஒரு தொடக்க எண்தான் தீர்மானிக்கிறது. முதலில் அதை நிலையாக வைத்தீர்களா என்று பாருங்கள். அடுத்து, சிமுலேட்டரும் உங்கள் நிரலும் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றனவா? கார்லாவில் இதற்கென்றே ஒத்தியங்கும் முறை இருக்கிறது. அதை இயக்காவிட்டால், கணினி கொஞ்சம் மெதுவான அன்று உங்கள் காரும் தாமதமாகப் பிரேக் போடும்.

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது கூட்டல் வரிசை. தசம எண்களைக் கணினி வேறு வரிசையில் கூட்டினால் கடைசி இலக்கம் மாறும். பல நூறு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடும் கிராஃபிக்ஸ் அட்டையில் வரிசை ஒவ்வொரு முறையும் மாறலாம். தொடுகை பற்றிச் சொன்ன பதிலை நினைத்துக்கொள்ளுங்கள்: வழுக்குவதும் ஒட்டுவதும் மயிரிழையில் மாறும் இடத்தில், கடைசி இலக்கமே மயிரிழை.

சிமுலேட்டர் சரியா என்று யார் சோதிப்பது? அதற்கும் ஒரு சிமுலேட்டரா?

நிஜ உலகம்தான் சோதிக்கிறது. ஒரே காட்சியைச் சோதனைத் தடத்திலும் கணினியிலும் ஓட்டி, பிரேக் தொலைவும் திரும்பிய பாதையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். தானியங்கி வாகனங்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022-ஆம் ஆண்டு விதிமுறை, சிமுலேஷன் முடிவுகளைச் சான்றாகக் காட்ட அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் சிமுலேட்டர் எவ்வளவு நம்பகமானது என்பதையும் சேர்த்து நிரூபிக்கச் சொல்கிறது. நியாயமான கோரிக்கை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காய்ந்த சாலையில் ஒத்துப்போன சிமுலேட்டர் ஈரச் சாலையிலும் ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆகவே ‘சிமுலேட்டர் சரியா’ என்று யாராவது கேட்டால், ‘எதற்கு?’ என்று திருப்பிக் கேட்பேன்.

சிமுலேட்டரில் விழுகிறது, நிஜத்தில் நன்றாக நடக்கிறது. அப்படியானால் சந்தோஷப்படலாம்தானே?

நாங்களும் சந்தோஷப்பட்டோம். எங்கள் நாலுகால் ரோபோ கணினிக்குள் ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் வழுக்கி விழுந்தது. நிஜப் படிக்கட்டில் ஏறிவிட்டது. சிமுலேட்டர் அளவுக்கு மீறிக் கடுமையாக இருக்கிறது என்று முடிவுகட்டி உராய்வைக் கூட்டப் போனோம். ஒரு மாணவி மட்டும் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கணினியில் பாதம் ஒரு கெட்டியான கோளம், படியை ஒரு புள்ளியில்தான் தொடும். நிஜப் பாதம் புது ரப்பர். அழுத்தினால் பரந்து, படியின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். அவர் அலமாரியிலிருந்து, தேய்ந்து இறுகிப்போன பழைய பாதங்களை எடுத்து மாட்டினார். ரோபோ மூன்றாவது படியில் விழுந்தது. கணினிக்குள் விழுந்த அதே படியில், அதே பக்கமாக.